வலப்புறம் ஒட்டி

ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது.
இது நான் எனக்கு எழுதிய முதல் விதி.
ஒரு மணியில் சலவை மெஷின் நின்றுவிடும்,
உடுப்பை எடுத்துக் காயப்போட ஆள் வேண்டும்.

ஜெட்டில் சமுத்திரம் தாண்டுகிறவர்கள் தாண்டட்டும்.
எனக்கு நாலு இருக்கை, ஒரு புரொப்பெல்லர்,
கண்ணாடிக்கு வெளியே பார்க்க ஏதாவது:
ஓர் அணை, மரக்கட்டைகள் மிதக்கிற ஓர் ஆற்றுமுனை,
யாரோ சோளத்துக்கு நடுவே விட்டுவைத்த ஒற்றைக் களஞ்சியம்.
நேர்கோட்டில் போனால் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.
ஆறு வளைகிற இடத்தில் நானும் வளைய வேண்டும்.

சில்லிவாக்கில், நிலக்கீழ் வீட்டில்,
மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் இடையில்
என் விமானத்தளம்.
ஜன்னல் இல்லாத அறை, ஆகவே பெரிய திரை.
வீட்டுக்காரர் மேலே நடந்தால்
வானம் முழங்கும்.

தவசீலன் சிரிப்பார்.
பதினெட்டுச் சக்கர லொறி ஓட்டுகிறவருக்கு
இது கதிரையில் இருந்து ஓடுகிற ஓட்டம்.
"இண்டைக்கு எங்க போறீர்?
சாப்பாட்டுக்கு வருவீரோ?"

அந்த வியாழன் மெரிட் என்று போட்டிருந்தேன்.
ஹோப் வரை ஃப்ரேசர் ஆறு,
பிறகு வடக்கே கோக்கிஹாலா நெடுஞ்சாலைக்கு மேலாக.
கணவாய் நாலாயிரம் அடி சொச்சம், நான் ஆறாயிரம்.
பென்சிலால் கோடு, ஓரத்தில் காற்று, எரிபொருள்,
திரும்புவதென்றால் எங்கே திரும்புவது.

தட்டோடு வந்து பின்னால் நின்றார்.
"அது என்ர ரோட்டெல்லோ."

மெஷினுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார்.
"இதில நிண்டுதான் செயின் போடுறது."
"இந்த வளைவில போன மார்கழி ஒருத்தன் கவிண்டவன்."
"இந்தப் பனிக்கூரைக்குக் கீழ ரேடியோ செத்துப்போம்."
என் வரைபடத்தில் இவை எதுவும் இல்லை.
அதில் இருந்தது உயரம், அலைவரிசை, மலைகளின் பெயர்.

பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ஆறு இவ்வளவு பக்கத்திலயே ஓடுது?" என்றார்.
பதினாலு வருடம்.
முன்னால் போகிற வண்டியின் சிவப்பைத் தவிர
எதையும் பார்க்க விடாத ரோட்டு.

கணவாய்க்கு முன் மேகம் இறங்கியது.
மெய்யான வானிலை, அந்த நிமிடத்து மேகம்.
"போம், போம். நான் கண்ணை மூடிக்கொண்டு போவன் இதால."
நான் போகவில்லை.
பள்ளத்தாக்கின் நடுவில் பறக்கக் கூடாது.
வலப்புறச் சரிவை ஒட்டியே வந்தால்
திரும்புகிற நேரத்தில்
முழு அகலமும் உன் கையில் இருக்கும்.
இறக்கை சாய, திரை நிறைய மரங்கள் எழும்ப,
திரும்பினேன்.
அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"லொறியை இப்பிடித் திருப்பேலாது" என்றார்
ஹோப்பின் புல் ஓடுபாதையில்
நான் மூன்று தரம் துள்ளி நின்ற பிறகு.
சோறு ஆறிப்போயிருந்தது.

இன்று எட்டு மணிக்கு வெளிக்கிட்டார்.
நான் உடுப்பைப் போட்டுவிட்டு
ஹோப்பிலிருந்து கிளம்பினேன்.
என் கோட்டில் இப்போது புதுப் பெயர்கள்:
செயின். கவிண்டவன் வளைவு. ரேடியோ சாவு.
கணவாயில் பனி, ஆனால் கீழே தெரிகிற பனி.
சாலையில் சிமுலேட்டர் தானாக ஓடவிடும் வண்டிகள்,
இரண்டிரண்டு வெளிச்சம்.
எதற்குள்ளும் எவரும் இல்லை.
தெரியும்.

ஒரு சோடி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேன்,
மெதுவாக ஏறுகிற ஒன்று.
அவ்வளவு மெதுவாக என்னால் பறக்க முடியாது,
விழுந்துவிடுவேன்.
முந்திப் போய், வட்டமடித்து,
மறுபடி பின்னால் வந்து சேர்கிறேன்.
அது வலப்புறம் ஒட்டிப் போகிறது.

மெஷின் எப்போதோ நின்றுவிட்டது.
ஒரு மணியும் இருபது நிமிடமும்.
கிடக்கட்டும் ஈரமாய்.
இன்னும் ஒரு வட்டம்.