மாதிரிப் படிவம்

மூன்று வாரம் ஏற்காட்டில்.
இருபது கொண்டை ஊசிக்கும் விடாமல் வாந்தி எடுத்தவர்
கணக்குப் பிரிவுக்குத் தேர்வான கெர்கெட்டா, ராஞ்சிக்காரர்.
எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.
சேலத்துக்காரி என்பதால்
மலையை வளைத்ததே நான்தான் என்பதுபோல் பார்த்தார்.

எங்களில் தூதர் யாரும் இல்லை.
தூதர் கை குலுக்கும் படத்தின் ஓரத்தில்
பாதி தெரிகிறதே ஒரு நாற்காலி,
அதை வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் நாங்கள்.

முதல் வாரம் கரண்டி எண்ணினோம்.
சிங்க முத்திரை போட்டது எத்தனை, போடாதது எத்தனை,
விருந்து முடிந்தபின் எத்தனை,
குறைந்தால் யார் சம்பளத்தில்.
அப்புறம் அரக்கு.
உருக்கி, சொட்டி, முத்திரை குத்துவதற்குள்
கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன்.
அந்தப் பையை எந்த நாட்டுச் சுங்கமும் திறக்கக் கூடாதாம்.
எங்கள் பைக்குள் இருந்தவை
பழைய நாளிதழ்கள், அரைக்கிலோ காப்பிக்கொட்டை.
எடை ஒத்துப்போக வேண்டுமே.

ரொக்கப் புத்தகத்தில் இரண்டு பத்தி,
அங்கத்துப் பணம், நம் பணம்.
"ரெண்டு காசு உதைத்தது, ஒரு தீபாவளி முழுக்கத் தேடினேன்"
என்றார் வகுப்பெடுக்க வந்த லூர்துராஜ்.
எந்த ஊரில் என்று சொல்லவில்லை.
கிடைத்ததா என்றும்.

பன்னிரண்டாம் நாள்.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை
ஒவ்வொன்றாகப் பனி அழித்துக்கொண்டிருந்த மதியம்
ஆளுக்கொரு கோப்பு வந்தது.
என் கோப்பில் இறந்திருந்தவர் குழந்தைவேலு,
வயது நாற்பத்தாறு, கிரேன் ஓட்டுநர்.
இறந்த துறைமுகம் கற்பனை, நாடும்.
அனுப்ப வேண்டிய முகவரி மட்டும்
14/2, மூன்றாம் பாவடிச் சந்து, அம்மாப்பேட்டை, சேலம்.

மருத்துவர் சான்று, பதனிட்ட சான்று,
பெட்டியை மூடிய சான்று,
ரத்து செய்த பாஸ்போர்ட்,
விமானச் சரக்கு ரசீது.
சரக்கு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு பின்கோடில் முழுதாக நின்றது.
கடைசி எண் ஆறு என்று இருந்தது.
ஆறு குகைக்கு.
அம்மாப்பேட்டைக்கு மூன்று.

கை தூக்கினேன்.
"அப்படி ஒரு ஆளே கிடையாது அக்கா"
என்றாள் பக்கத்து மேசை மணிப்பூர்க்காரி இபெம்சனா.
ஆள் இல்லை, அம்மாப்பேட்டை இருக்கிறது.
லூர்துராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"சரி. ஏழு நகல் இருக்கு.
ஏழிலும் அடிங்க, ஏழிலும் சுருக்கொப்பம்.
வெள்ளை மை கூடாது.
அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியணும்."

கோமளவல்லி என்பதைச் சுருக்கினால் கோ.
அன்றிரவு விடுதியில், கம்பளிக்குள்ளிருந்து கை நீட்டி,
ஏழு கோ.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்வரலாம் என்றார்கள்.
வீட்டுக்குத்தான் போனேன், அம்மாப்பேட்டை வழியாக.
எங்கள் வீட்டுக்கு அது வழியே இல்லை.

தட்டுவடை செட் கடை, வயலட் நிறத்தில் சாக்கடை,
ஞாயிறன்றும் நிற்காத விசைத்தறி.
14/1 இருந்தது. 14/3 இருந்தது.
நடுவில் நீலக் கதவு, எண் எழுதாமல்.
வாசலில் நாற்பத்தாறு வயது மதிக்கலாம், ஒருவர்,
பனியன் முழுக்க கிரீஸ்,
மொபெட்டின் பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

பெயரைக் கேட்டிருக்கலாம்.
கேட்டு, அதே பெயரைச் சொல்லிவிட்டால்
எந்தப் படிவத்தில் அதை நிரப்புவது?
"விலாசம் தப்புங்க" என்றேன்.

"பின்கோடு என்ன போட்டிருக்கு?"

"மூணு."

"அப்பச் சரியாத்தானே இருக்கு" என்று
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்,
எனக்கு வீடு தேடிக் கொடுக்க.