ஆறாம் கட்டம்

திருப்பூர், வீரபாண்டிப் பிரிவில் எங்கள் லேப்.
ஒரு லைட் பாக்ஸ், நாற்பது பீக்கர்,
மதியத்துக்கு மேல் ஓடாத ஏசி.
ஜெர்மனி பையர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தை
ஆயிரம் கிலோவில் அப்படியே கொண்டுவருவது
என் பிழைப்பு.

தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார் ஐடா மச்சாது.
பையில் கைக்குட்டை சுற்றிய ஓர் அட்டை:
தவிட்டு நிறத்தில் தொடங்கி வெள்ளையில் முடியும் ஆறு கட்டங்கள்.
கடலுக்கடியில் பவளப்பாறை பக்கத்தில் பிடித்து
எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதுவார்களாம்.

"ஏனுங்க, ஷேட் கார்டுங்களா?"
"ஷேட் கார்டேதான்."

கோடையில் அட்டையே வெளுத்துவிட்டது.
நிறம் இழந்தது பாறையா, அட்டையா?
முந்நூற்றுப் பன்னிரண்டு அளவுகளைச்
சிவப்புக் கோடு போட்டுத் தள்ளியிருக்கிறார்.
சொல்லும்போது குரல் மாறவில்லை.
கைக்குட்டையை மட்டும்
நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

பாலியெஸ்டர் துணி, நூற்றிமுப்பது டிகிரி.
மூன்றாம் கட்டம் ஒன்பது தடவை தப்பியது.
ஒருமுறை சிவப்புத் தூக்கல், மறுமுறை பச்சை.
ஆறாவதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை.
ப்ரைட்னர் ஏற்றிய, கண் கூசும் வெள்ளை.
எங்கள் ஊரில் வெளுத்தது என்றால்
அழுக்குப் போயிற்று,
இனி எந்தச் சாயமும் ஏறும்.

"இவ்வளவு வேண்டாம்" என்றார்.
"வெளுத்த பவளம் இன்னும் சாகல.
உள்ளே குடியிருந்த பாசி சூடு தாங்காம வெளியேறிருச்சு.
தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில எலும்பு தெரியும்.
சீக்கிரமே தண்ணி ஆறினா பாசி திரும்பலாம்.
அதுவரைக்கும் அந்தத் தீவுப் பக்கம்
நங்கூரம் விழக்கூடாது, வலை இழுபடக்கூடாது.
எங்கெங்க அஞ்சு, எங்கெங்க ஆறுன்னு காட்டினாத்தான்
அதிகாரிங்க மிதவை கட்டுவாங்க."

அன்றிரவு வெள்ளைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன்.
பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, சோளப்பொரி வெள்ளை.
பதினேழு வருஷமாகப் பார்க்கிற நிறம்.
ஒன்றிலும் ஆள் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் நொய்யல் பாலம்.
நொய்யலுக்கு யாரும் அட்டை போட்டதில்லை.
எங்கள் ஆர்டரில் அன்றைக்கு எந்த நிறமோ
அதுவே ஆறாக இருந்த காலம் உண்டு.
வண்டியை நிறுத்தவில்லை.

மார்ச்சில் இருபது அட்டைகள் பார்சலில் போயின.
ஒவ்வொன்றின் முதுகிலும் சாய எண், தேதி, என் இனிஷியல்.
இருபத்தொன்றாவதை
உப்புத் தண்ணீரில் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்திருக்கிறேன்.
காலை ஷிப்டுக்கு முன் எடுத்து, கழுவித் துடைத்து,
பீரோவுக்குள் இருக்கும் அதன் இரட்டையோடு வைத்துப் பார்ப்பேன்.

இன்று இருபத்தாறாம் நாள்.
ஐந்தாம் கட்டம் ஒரு பொட்டு மங்கினாற்போலப் படுகிறது.
அட்டையா, என் கண்ணா,
மெஷினில் வைத்துப் பார்த்த பிறகுதான்
அவருக்கு எழுத வேண்டும்.