கீழே வைக்கும் புள்ளி

ஞாயிறு, பத்து மணி. வேளச்சேரி.
லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்குகிறது,
போன மாதமும் இதே அட்டைதான்.
இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு
ஹதாசா படியேறுகிறாள்,
நோட்டைக் கடைசிப் பக்கத்தில் திறந்தபடி.
அந்த எழுத்து வலமிருந்து வரும்.

மொத்தம் நான்கு பிள்ளைகள்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு வந்த
இன்ஜினியரின் பையன்கள் இதாமார், ஓஃபெர்.
என் மகள்: அப்பா தாணேக்காரர்,
அம்மா நான், திருநின்றவூர்.
நான்காவது, கீழ்வீட்டு யாழினியன்.
கிரிக்கெட்டுக்கு ஆள் சேரட்டும் என்று வாசலில் நின்றவன்
ஒரு மழைநாளில் உள்ளே வந்து உட்கார்ந்தான்.
பிறகு எழவில்லை.
அவன் அம்மாவிடம் கேட்டதற்கு,
“இந்தி டியூஷனுக்கு எண்ணூறு ரூபா,
இது சும்மாதானே” என்றாள்.

யாயேல் மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது.
தரமணியில் இரவு ஷிஃப்ட்,
மென்பொருளில் பிழை பார்க்கும் வேலை.
சனிக்கிழமை பேனா தொடக்கூடாது,
அதனால் ஞாயிறு.
பிள்ளைகளைவிட ஒரு பாடம்தான் முன்னால் போகிறாள்,
சில வாரம் அரைப் பாடம்.

அலெஃப். பேத். கிமெல்.
“உயிரெழுத்து எங்க மிஸ்?” யாழினியன்.
“இல்ல. இருபத்திரண்டும் மெய்தான்.
கீழ புள்ளி, கோடு வச்சா உயிர் வரும்.”

செருப்பு ஸ்டாண்ட் பக்கம்
பிளாஸ்டிக் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான்
நிமிர்ந்தேன்.
எங்களுக்குத் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும்.
ஒன்றாம் வகுப்பில் கற்றதை
முப்பத்தெட்டு வயதில் தலைகீழாய்ப் போட்டுவிட்டாள்.
“தோரா சுருள்ல அந்தப் புள்ளியும் கிடையாது.
வாசிக்கிறவங்கதான் உயிர் குடுக்கணும்.”
வேரைக் கிள்ளுவதா இலையைக் கிள்ளுவதா,
ஒரு நிமிஷம் கை மறந்துபோனது.

இந்த வாரம் நோவா.
மழை என்றதும் யாரும் புத்தகத்துப் படத்தைப் பார்க்கவில்லை.
டிசம்பர் புயலில் நின்ற தண்ணீரின் கோடு
வெள்ளையடித்தும் காம்பவுண்டு சுவரில் தெரிகிறது.
“நாப்பது நாளா? எங்களுக்கு மூணு நாள்,
கரண்ட் வர ஆறு.”
அப்போது ஊரிலேயே இல்லாத இதாமார்
பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

“பேழைக் கதவச் சாத்துனது யாரு மிஸ்?”
மிஸ் விரலை வலமிருந்து நகர்த்தினாள்.
“கடவுள்.”
“வெளியிலேர்ந்தா?”
“ம்.”
“உள்ள இருந்து நோவா தட்டவே இல்லியா?”

மின்விசிறிச் சத்தம்.
கீழே தண்ணீர் லாரி பின்வாங்கும் பாட்டு.
பிழை பார்ப்பவள்
பிழை என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
“அடுத்த வாரம்” என்றாள்.

ஹதாசா, யாரையும் பார்க்காமல்,
“நம்ம மொட்டைமாடிக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.”

உண்மைதான். அன்று ராத்திரி அங்கே நாற்பத்தொரு பேர்.
இஸ்திரி போடும் பரசுராமன், அவருடைய பித்தளைப் பெட்டி,
எதிர்வீட்டு நாய், மூன்று கேஸ் சிலிண்டர்.
தாழ்ப்பாள் வேண்டும் என்று சங்கத்தில்
இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தவள் நான்.

வீட்டுப்பாடம்: பேழை வரைக.
யாழினியன் வரைந்தது காசிமேட்டு ஃபைபர் படகு.
நீலம். பதிவு எண்ணும் உண்டு,
மறந்த ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு.
“கதவு?” என்றேன்.
“படகுக்கு எதுக்கு ஆன்ட்டி கதவு?”

ஹதாசாவின் படகில் ஒருவர்தான்,
மடியில் இஸ்திரிப் பெட்டி.
மேலே அந்த எழுத்தில் ஆறு எழுத்து,
கீழே ஒரு புள்ளியும் இல்லை.
“வாசி பாப்போம்.”
எனக்குத் தெரிந்தது இன்னும் மூன்றெழுத்துதான்.
அவள் விரல் நகர்ந்தது:
ப்ர்ஸ்ர்ம்ன்.
கீரைக் கறை படிந்த கையோடு
வலது ஓரத்திலிருந்து
ஆரம்பித்தேன், ப...