நாற்பத்தெட்டு அங்குலம்

ஈரி ஏரிக்கரையில் எங்களுக்கு மூன்று பூங்காக்கள்.
நான்காவதைப் போன மார்ச்சில் வாங்கினோம்,
இந்தியானாவில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே
ஒரு மர ராட்டினமும் ஓர் அலைக்குளமும்.
‘கடனில் வாங்கியது’ என்று எழுதியிருந்தேன்.
பெர்னிஸ் ஹால்வர்சன் அதை அடித்துவிட்டு
‘வளர்ச்சி’ என்று எழுதினாள்.

காலாண்டு உரையை எழுதுகிறவன் நான்.
தலைவர் படிப்பார், பெர்னிஸ் கணக்குச் சொல்வாள்.
மேசையின் கோடியில்
தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு
என் வாக்கியங்கள் இன்னொருவர் வாயில் நடப்பதை
கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தக் கோடையில் பதினோரு சனிக்கிழமை மழை.
மழை விட்டும் தூவானம் விடாத ஞாயிறுகள் தனி.
மழை என்று எழுதக்கூடாது,
‘சாதகமற்ற வானிலை’.
கூட்டம் வரவில்லை என்று எழுதக்கூடாது,
‘வருகை நகர்ந்திருக்கிறது’.
எங்கே நகர்ந்தது என்று நானும் கேட்கவில்லை.

வந்தவர்களைத் தலை எண்ணுகிறோம்.
தலைக்கு அறுபத்தொரு டாலர் நாற்பது சென்ட்,
போன வருஷத்தைவிட இரண்டு டாலர் கூட.
அந்த இரண்டு டாலரை எனக்கு முகம் பார்த்தே தெரியும்:
கார் நிறுத்த ஒன்றரை,
மிச்சம், எலுமிச்சைச் சாற்றில்
கூடுதலாய் மிதக்கும் பனிக்கட்டி.

ஆகஸ்டில் ஒரு நாள்
அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு
நானும் வரிசையில் நின்றேன்.
சாம்பல் நாரை, எங்கள் பெரிய ரோலர் கோஸ்டர்.
வாயிலில் ரூத்தன் டுவோராக்,
பத்தொன்பது கோடையாக
அதே மஞ்சள் அளவுகோல்.
எனக்கு முன்னால் நின்ற பையனின் உச்சி முடி
கோட்டைத் தொட்டது.
அவள் தலையைப் பார்க்கவில்லை,
காலைப் பார்த்தாள்.
‘ஷூவைக் கழற்று, ராஜா.’

உள்ளே மடித்து மடித்துத் திணித்த
எங்கள் பூங்காவின் வரைபடம்.
காலுக்கு இரண்டு.

கழுத்தில் தொங்கிய பருவச் சீட்டில் பெயர், மைக்கா.
அழவில்லை.
எவ்வளவு குறைகிறது என்று மட்டும் கேட்டான்.
‘அரை அங்குலம். கொஞ்சம் கூடவே.’
வரைபடங்களை நீவிப் பைக்குள் வைத்துக்கொண்டு
சுழலும் கோப்பைகள் பக்கம் போய்விட்டான்.

நவம்பர் காலை, தொலைபேசியில் நூற்று நாற்பது பேர்.
வருவாய் ஏழு சதவீதம் உயர்வு, படித்தார் தலைவர்.
என் வாக்கியம். தடுக்காமல் நடந்தது.
குளிர்கால விளக்குத் திருவிழா என்றார்,
இன்னும் இரண்டு பூங்காக்கள் மேல் கண் என்றார்.
பிறகு நியூயார்க்கிலிருந்து ஒரு பெண், அட்லர் என்று பெயர்,
தொண்டையில் சளியோடு:
‘வாங்கிய பூங்காவை எடுத்துவிடுங்கள்.
அக்டோபரிலிருந்து செப்டம்பருக்கு இழுத்த
பேய் இரவுகளையும் எடுத்துவிடுங்கள்.
பழைய மூன்று மட்டும், அதே நாட்கள்.
எவ்வளவு?’

பெர்னிஸ் என்னைப் பார்த்தாள்.
நான், எதற்கென்று தெரியாமல்,
மேசைக்கு அடியில் அவள் காலைப் பார்த்தேன்.

‘ஐந்து சதவீதம் குறைவு’ என்றாள்.
அன்றைக்கு நான் எழுதித் தராத ஒரே வாக்கியம்.
அதற்கு முந்தைய நான்கு விநாடிக்கு
எழுத்துப் பிரதியில் வரி கிடையாது,
நான்தான் சரிபார்த்து அனுப்பினேன்.

மதியத்துக்குள் பங்கு பன்னிரண்டு சதவீதம் இறங்கியது.
வெள்ளிக்குள் வளர்ச்சி உத்தி வேண்டுமாம், நான்கு பக்கம்.
தலைப்பு மட்டும் எழுதி
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நாரையின் முதுகில் பனி.
அந்தப் பையன் இந்நேரம்
அரை அங்குலத்தைத் தாண்டியிருப்பான்,
தின்று, தூங்கி,
யாரும் உத்தி வகுக்காமல்.

பருவச் சீட்டைப் புதுப்பித்தானா என்று
கணினியில் பார்க்கலாம்.
இரண்டு தட்டு.
பார்க்கவில்லை.