இரட்டை நத்தை

கம்பனி பூட்டி அனுப்பின ஹோன்
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றுதான் சொல்லும்.
அதுவும் ஒருதரம். மெல்ல.
கலியாணவீட்டுக் கடைசிப் பந்தியில்
இன்னும் கொஞ்சம் சொதி கேட்கிற ஆளைப்போல.

பண்ணைப் பாலத்தில்
பின்னால் பன்னிரண்டு ஐஸ்பார் உருகி ஒழுக ஒழுகப் போகிறேன்.
எதிரே ஊர்காவற்துறை மினிபஸ்
இன்னொரு மினிபஸ்ஸை முந்திக்கொண்டு
என் பக்கமாகவே வந்தது.
அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.
எனக்கே கேட்கவில்லை.
இடப்பக்கச் சில்லு இரண்டும் கல்லில் ஏற
கடலைப் பார்த்தபடி நின்றது பிக்கப்.
மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் பெடியன்
போகிற போக்கில் கத்தினான்:
"அக்கா, கோன் அடிக்கத் தெரியாதோ?"

பதினேழு தவணை பாக்கி இருக்கிற வண்டி.
அன்றைக்கும் ஐஸ் முழுக்க விற்றேன்.
கை மட்டும் மத்தியானம்வரை உதறியது.

ஸ்ரான்லி வீதியில் தவசீலன் கடை.
"பொலிஸ் பிடிக்காததா ஒண்டு தாரும்."
சிவப்பில் இரண்டை எடுத்து மேசையில் வைத்தான்.
நத்தை. உண்மையாகவே நத்தை.
ஓட்டுக்குள் முகத்தை இழுத்துக்கொண்ட இரண்டு.
"ஒண்டு கீழ்க்குரல், மற்றது மேல்க்குரல்.
சோடியாத்தான் பூட்டவேணும்."

ஆறாயிரத்து ஐந்நூறு.
பேரம் பேசியதில் ரிலேக்குக் காசு எடுக்கவில்லை.
"ரிலே இல்லாட்டி சுவிட்ச் கருகிப் போயிடும் அக்கா.
இவ்வளவு சத்தத்தையும் உங்கட விரலடிக்குக்
கொண்டுவரக் கூடாது.
நீங்கள் கேட்டால் காணும்.
கத்துறதைப் பற்றறி நேர கத்தும்."

கிறில்லைக் கழற்றினான்.
உள்ளே செம்மண், ஒரு வண்ணத்துப்பூச்சியின் செட்டை,
மீன் செதில்.
செதில் அங்கே எப்படிப் போனதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"அடியுங்கோ."
அடித்தேன்.
சைக்கிளில் போனவர் இறங்கி நின்றார்.
எதிர்க்கடை நாய் துள்ளி எழும்பி
யாரைக் குரைப்பதென்று தெரியாமல் திரும்பப் படுத்தது.
தவசீலன் அசையவில்லை.
பொனற்றில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்,
காய்ச்சல் பார்க்கிறவனைப்போல.
"இன்னொருக்கா."

பேரம் பேசும்போதெல்லாம்
என் வாயையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று
அப்போதுதான் விளங்கியது.
எப்போதிருந்து என்று கேட்கவில்லை.
அவன் வயதுக்காரரிடம் இங்கே ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்த நாள் விடிய முதல், பாலத்தில்
ஒரு முழு மினிபஸ் எனக்கு ஒதுங்கியது.
பெடியன் திரும்பிப் பார்த்தான்.
அந்தச் சந்தோசத்தை ஏன் மறைப்பான்,
அலையாத்திக்குள் நின்ற கொக்குகளுக்கும் ஒருதரம் அடித்தேன்.

மண்டைதீவில், பிலோமின் வீட்டுப் படலையடி.
வழமையாக ஹோன் முடியமுதலே
கொண்டை போடாமல், வாளியைத் தூக்கிக்கொண்டு
ஓடி வருவாள்.
அடித்தேன்.
எரிந்துகொண்டிருந்த லைற் அணைந்தது.

இஞ்சினை நிற்பாட்டினேன்.
ஐஸ் ஒழுகுகிற சத்தம் மட்டும்.
உள்ளே ஒரு குழந்தையின் வாயை
யாரோ பொத்துவது போல இருந்தது,
அல்லது நான்தான் அப்படி நினைத்தேன்.
இறங்கிப் போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
"பிலோமின், நான்தான். ஐஸ்."

கனநேரத்துக்குப் பிறகு வந்தாள்.
கிறில்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது ஆற்றை சத்தம்?"
வேறொன்றும் சொல்லவில்லை. சில்லறையை எண்ணித் தந்தாள்.

பழையது சீற்றுக்குக் கீழே
சொப்பின் பைக்குள் கிடந்தது.
"இதையும் திரும்பப் பூட்டும்."
தவசீலன் என் வாயை இரண்டாம்முறை பார்த்தான்.
"இதையோ?"
"இதைத்தான். தனி சுவிட்ச் வைச்சு."
அழைப்புமணிக்குப் போடுகிற வெள்ளைப் பொத்தான் ஒன்றை
ஸ்ரியறிங்குக்குக் கீழே திருகிவிட்டான்.
இருநூறு ரூபா.

இப்போது நத்தைகள் பாலம்வரைக்கும்.
ஒழுங்கை திரும்பினால் விரல் கீழே இறங்கும்.
இன்றும் அடித்தேன், மெல்ல, ஒருதரம்.
லைற் எரிந்தபடியே இருந்தது.
உள்ளிருந்து பிலோமின் ஏசினாள்:
"வாறன், வாறன்.
உனக்கென்ன இவ்வளவு அந்தரம்?"