விபூதிப் புதனுக்கு முன்

ஒட்டுசுட்டானிலிருந்து மடுத்தீன்
மீன்பெட்டிக்குள் ஐஸ் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்ட
பன்றித் தொடை இரண்டும் பதினொரு கிலோ.
நெல்லுக்குள் இறங்கினதாம். இரவு இரண்டு மணியாம்.
இன்றைக்கு வெள்ளி.
புதன் விடிந்தால் தவக்காலம்.
நாற்பது நாளும் இறைச்சி இல்லையென்று
மெற்றில்டா நேர்ந்துவிட்டாள், எனக்கும் சேர்த்து.
பிரிட்ஜ் நிறையக் கணவாய்.

கத்தியால் கொத்திப் பார்த்தேன்.
கடை ஆடு இல்லை இது,
காடு முழுக்க ஓடின கால்.
வெள்ளை நார் கத்திக்குக் கீழே வழுக்கி
மற்றப் பக்கம் போய் நிற்கிறது
கடன் வாங்கினவன் மாதிரி.

ஆஸ்பத்திரி வீதியில் தில்லைநாயகியின் கடை.
வாளி, வலைக்கம்பி, குழாய்ப்பூட்டு,
எல்லாவற்றுக்கும் மேல்தட்டில் இரண்டு மெசின்.
ஒன்று கரண்டில் ஓடுவது.
பெட்டியில் சிரிக்கிற வெள்ளைக்காரியின் கையில்
எந்த மிருகமென்று தெரியாத ரோசாநிற இறைச்சி.
மற்றது வார்ப்பிரும்பு. கைபிடி. மேசையைக் கவ்வ ஒரு திருகு.
தூக்கிப் பார்த்தேன்,
பிறந்த பிள்ளையின் பாரம்.

"என்னத்தை அரைக்க?"
சொன்னேன்.
நெற்றியில் மூன்று குறித் திருநீறு
ஒருக்கால் மேலே போய் இறங்கியது.

ஓட்டிப் பார்க்கலாமென்று
சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன்.
"தம்பி, வெள்ளிக்கிழமை. மூடியைத் திறந்திடாதேங்கோ."
கொஞ்சம் யோசித்தா.
லாச்சிக்குள்ளிருந்து ஒரு கடதாசிச் சுற்று,
அவித்த பனங்கிழங்கு,
நாலு மணித் தேத்தண்ணிக்கு வைத்திருந்தது.
"நாருக்கு நார்தானே."
தோலை உரித்தா, பீலியை எடுத்தா,
தும்பை மட்டும் விட்டுவைத்தா.

கரண்ட் மெசின் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு தொடங்கி
இரண்டாம் கிழங்கில் தொண்டை கட்டி
மூன்றாவதில் நின்றது.
கழற்றினால்
கத்தியைச் சுற்றித் தும்பு கொண்டை போட்டிருக்கிறது.
"இது பல்லில்லாத ஆக்களுக்கு" என்றா
தன்ர சரக்கைத் தானே.

இரும்பைக் கல்லாமேசையில் பூட்டினோம்.
நான் சுற்ற, அவ தள்ள,
கர், கர், பிறகு சத்தமே இல்லை.
நூல் நூலாய் மஞ்சள் இறங்கியது,
தும்பும் வெட்டுப்பட்டு.
கத்தியின் விளிம்பை விரலால் தடவி,
"தட்டோட ஒட்டி நிக்குது பாருங்கோ.
விலகி நிண்டால் வெட்டாது, பிசையும்."

விலையைக் குறைத்துக் கேட்டேன். குறைக்கவில்லை.
சின்னக்கண் தட்டொன்று சும்மா தந்தா.
"குண்டு கிடந்தால் தடவி எடுங்கோ.
பல்லுப் போனால் மாத்தித் தரமாட்டன்."
எவருடைய பல்லென்று சொல்லவில்லை.

திருகைத் தளர்த்தப் போனேன்.
"கொஞ்சம் பொறுங்கோ."
மிச்சக் கிழங்கு முழுவதும் வந்தது,
பக்கத்துக் கடையிலிருந்து பச்சைமிளகாய், உள்ளி, உப்பு.
"இண்டைக்குப் பிறகு
இதுக்குள்ள நான் ஒண்டும் போட ஏலாதே."
சுற்றினேன்.
பாதியைப் பொதிசெய்து என் கையில் வைத்தா.
புதன்கிழமை என் நெற்றியிலும் சாம்பல் இருக்கும்
என்று சொல்ல நினைத்து
காசை எண்ணிக் கொடுத்தேன்.

இரவு, குசினி மேசை.
பீரிசில் ஐந்து குண்டு.
ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்த மெற்றில்டா
சிவப்புக்குள் இருந்து எதையோ நுள்ளி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இதென்ன, மஞ்சளாய் ஒரு தும்பு?"

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.