இரண்டு கிலோ எண்ணூறு

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
எங்கள் கடைப் பலகை மூன்று மொழியில் இருக்கும்.
தமிழ்தான் சின்ன எழுத்து.
முன்பக்கம் மளிகை.
பருப்புச் சாக்குகளுக்குப் பின்னால் நாலு மேசை,
ஹாரு மாஸ்டர், அவருடைய கடுகெண்ணெய்ப் புகை.
எட்டு மணிக்கு லூச்சி, பன்னிரண்டுக்குச் சோறும் மீனும்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்த
பக்கத்துத் தையல்கடைக்காரர்
இப்போது ஞாயிறு தவறாமல் சாப்பிடுகிறார்.

தராசில் நான் உட்கார்ந்து ஆறு வருஷம்.
விருப்பாட்சிபுரத்திலிருந்து சைக்கிள்.
வங்காளத்தில் எனக்கு எண் தெரியும், காய் தெரியும்,
சில்லறை இல்லை தெரியும்.
உடம்பு எப்படியிருக்கிறது என்பதை மட்டும்
கற்றுக்கொள்ளவில்லை, வேண்டுமென்றே.

கேட்காமலே தெரிந்துவிடும்.
நூறு மில்லி எண்ணெய் என்றால் பரிசோதனைதான்.
அரை லிட்டர் என்றால் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
ஐந்து கிலோ அரிசி, ஒரு துடைப்பம்,
லாட்ஜில் வாடகைக்கு எடுத்த அடுப்புக்கு லைட்டர்
என்றால் நிமிர்ந்து முகம் பார்க்க மாட்டேன்.
பையை மட்டும் இறுக்க முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன்.

மால்டாக்காரர் சுபல் மண்டல்
சித்திரை பிறந்ததும் வந்தார். ஐந்து கிலோ.
முதல் வாரம் இரண்டு பேருக்கு மசூர் பருப்பு.
இரண்டாம் வாரம் பருப்பு நின்றது.
கஞ்சிக்கு உடைந்த அரிசி கேட்டுக் கையால் காட்டினார்,
'நொய்' என்று சொல்லிக்கொடுத்தேன்.
அதற்கப்புறம் ஒன்றும் வாங்கவில்லை.
பின்மேசையில் ஒற்றை ஆளாய்
ஒரு தட்டுச் சோறு, மீன் வேண்டாம், குழம்பு மட்டும்,
தூக்கில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போவார்.
பிறகு தூக்கும் வரவில்லை.
வைத்த பச்சைமிளகாயை
தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்திருப்பார்.

நேற்று, அக்கினி நட்சத்திரம்,
கோட்டை அகழித் தண்ணீர் பச்சையாய்க் கெட்டிப்பட்ட மத்தியானம்,
அதே பையைக் கொண்டுவந்து தராசில் வைத்தார்.
எடுத்துப்பீங்களா, தீதி?
விற்ற சரக்கு திரும்ப வாங்கப்பட மாட்டாது என்று
என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.
முதலாளி தணிகாசலம் அதையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.
"போடும்மா" என்றார்.

இரண்டு கிலோ எண்ணூறு.
சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முடிச்சு நான் போட்டதுதான்.
கண் கரித்தது.
எண்ணெய்ப் புகை, வேறென்ன.

"தீன் கிலோ!"

வாசலில் ஒரு குரல்.
மஞ்சள் பூப்போட்ட சேலை, தலையில் ஈரத்துண்டு,
ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல்,
மறு கையில் விலைச்சீட்டு கிழிக்காத புது எவர்சில்வர் குண்டான்.
பேர் பூர்ணிமா, ஃபைலில் இருந்தது.
உடம்பு முக்கால் ஆள்கூடத் தேறாது,
குரல் மட்டும் ஐந்து கிலோ.
லாட்ஜ் டம்ளரால் அளந்துவிட்டு வந்திருக்கிறார்,
டம்ளர் கணக்கை விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார்.
சுபல் மண்டல் சாக்குப்பக்கம் திரும்பிக்கொண்டார்,
தோள் குலுங்கியது, சிரிப்பு.

பையை இறக்கி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
திரும்ப வைத்தேன்.
மூன்று கிலோ இருபது.
காலையில் வெல்லம் நிறுத்த டப்பாவின் எடை,
இருநூற்றிருபது கிராம், கழியாமல் நின்றிருக்கிறது.
காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம்
இருநூற்றிருபது கூடவே போயிருக்கிறது.
முதலாளி உதடு அசையாமல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் பின்மேசைக்குப் போனார்கள்.
இரண்டு தட்டு. மீனோடு.
முதல் வாயிலேயே உப்புக் குறைச்சல் என்று அந்தம்மா சொல்ல
ஹாரு மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து
நின்று, பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.
காரம் கூடாது என்று ஃபைல் நிச்சயம் சொல்லியிருக்கும்.
புருஷன் தட்டின் ஓரத்தில் கிடந்த மிளகாயை எடுத்து
காம்பு மட்டும் மிச்சம் வைத்தார்.

சாயங்காலம் காட்பாடியில் ரயில்.
வழிக்கு அரைக்கிலோ பொரி வேண்டுமாம்.
நான் பையைப் பிரிப்பதற்குள்
ஈரக்கையால் தராசைச் சுட்டினார்:
ஷூன்யோ.
பூஜ்யத்தைக் காட்டினேன்.
குனிந்து, கிட்டப் பார்த்துவிட்டு,
அப்புறம்தான் கொட்டவிட்டார்.